வர்ஷத்தொடக்குத் தாயம்

யுகாதிக்கு மறுநாள் வர்ஷத்தொடக்கு. அன்றைக்கு ஆட்டத்தில் ஜெயித்தால் வருஷம் முழுக்க ஜெயம் என்று ஓசூர்ப் பக்கத்தில் நம்பிக்கை. ஆண்கள் காலையிலேயே சீட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். மூக்கண்டப்பள்ளியில் கெம்பம்மாவின் லைன் வீட்டில் அவளும் முனிலட்சுமியும் நாராயணம்மாவும் ஐந்து வருஷமாகத் தாயம் ஆடிவந்தார்கள். மூவருக்கும் ஒரே கம்பெனி. பிரஸ் மெஷினில் தகடு வெட்டும் வேலை.

எண்பத்தேழாம் வருஷத்து யுகாதி வந்தபோது கெம்பம்மாவின் வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. மாசியில் மெஷினில் போய்விட்டன. இந்த முறை அந்த வீட்டுக்குப் போக முனிலட்சுமிக்குக் கால் எழவில்லை. கெம்பம்மாவேதான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். கறிக்குழம்பு வைத்து, தரையில் கட்டமும் போட்டு வைத்திருந்தாள்.

இரண்டு கையாலும் உருட்ட வேண்டிய தாயக்கட்டையை அவள் இடது கையால் வீசினாள். அது அடிக்கடி கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. நாராயணம்மா சலிக்காமல் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

முனிலட்சுமி போட்ட எண்ணுக்கு கெம்பம்மாவின் காய் சரியாக வெட்டுப்படும் இடத்தில் இருந்தது. பார்க்காததுபோல் வேறு காயை நகர்த்தினாள்.

"ஏண்டி, வெட்ட மாட்டியா?" என்றாள் கெம்பம்மா.

"கவனிக்கலக்கா."

"பொய் சொல்லாத. நீ விட்டுக்குடுத்தா எனக்கு வெரலு மொளச்சிருமா?"

முனிலட்சுமி வெட்டினாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அக்கா, உன் மெஷின்ல என்னியப் போட்டுட்டாங்க. நாலு நாளாச்சு. முடியாதுன்னா வீட்டுக்குப் போன்னுட்டாரு சூப்பர்வைசரு."

நாராயணம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு முன்பே தெரியும்.

கெம்பம்மா தாயக்கட்டையைத் தரையில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "கை போகாம கம்பி வலை மாட்றேன்னாங்களே, மாட்டிட்டாங்களா?"

"இல்லக்கா. வலை போட்டா வேலை மெதுவாவுதாம்."

"அப்பக் கேட்டுக்க. பெடலு ஒருதரம் மிதிச்சா அது சில சமயம் ரெண்டு தரம் அடிக்கும். அடிச்சி நின்னதும் ரெண்டு எண்ணு. அப்புறம் கைய விடு."

"எண்ணிட்டிருந்தா மணிக்கு அறுநூறு தகடு வராதேக்கா."

"வராது," என்றாள் கெம்பம்மா. "அதனாலதான் நானும் எண்ணல."

உயிருக்குயிரான சிநேகிதியாலும் எச்சரிக்கத்தான் முடியும் என்று முனிலட்சுமிக்கு அப்போது விளங்கியது. ஆட்டத்தில் நாராயணம்மா ஜெயித்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு முனிலட்சுமி அந்த மெஷின் முன்னால் நின்றாள். முதல் அரைமணி நேரம் ஒவ்வொரு தகட்டுக்கும் இரண்டு எண்ணினாள். சூப்பர்வைசர் வந்து, அவள் வெட்டிப் போட்ட தகடுகளைப் பார்த்துவிட்டு, மணியைப் பார்த்தபடி பக்கத்திலேயே நின்றார். அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.