அமிர்தசாமியின் இரண்டாவது சாவு

பாலக்கரை அமிர்தசாமி தாமே நடித்துத் தாமே இயக்கிய முதல் பேசும்படத்தைக் கண்டித்து நான் ஒரு மாதப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். அதற்காக இன்றும் வருந்தவில்லை. அவர் இருபதாண்டு நாடக மேடையில் நின்றவர். மேடையில் பாட்டு முடிந்ததும் சபையைப் பார்த்து நிற்க வேண்டும். 'ஒன்ஸ்மோர்' என்று கேட்டால் செத்தவனும் எழுந்து மறுபடி பாட வேண்டும். அப்பழக்கத்தை அப்படியே திரைக்கும் கொண்டுவந்துவிட்டார். சாகும் தகப்பன் முழுக் குரலில் பாடி முடித்து, கண்ணைத் திறந்து நம்மைப் பார்த்துக் காத்திருந்தான். கொட்டகையே 'ஒன்ஸ்மோர்' என்று கூவிச் சிரித்தது.

1938ஆம் ஆண்டு தை மாதத்தில் அவரே ஸ்ரீரங்கத்துக்கு என்னைத் தேடி வந்தார். மறுநாள் இரண்டாவது படம் வெளியாகிறதாம்.

"இதுலயும் நான்தான் சார் தகப்பன். இதுலயும் சாகறேன். அன்னைக்கு மாதிரி சிரிச்சாங்கன்னா மறைக்காம எழுதிடுங்க. நான் நாடகத்துக்கே திரும்பிப் போயிடறேன்."

பொய் எழுத எனக்குத் தெரியாது. ஒருவருடைய தொழிலை என் பேனாவால் முடித்துவைக்கவும் விருப்பமில்லை. இந்த மனிதர் ஏன் மறுபடியும் சாக வேண்டும் என்று கோபித்துக்கொண்டே மறுநாள் குதிரைவண்டியில் காவிரிப் பாலத்தைக் கடந்தேன்.

கொட்டகையிலும் கோபத்துக்குக் குறைவில்லை. படத் தொடக்கத்தில் காட்டிய பெயர்ப் பட்டியலில் மூன்று சந்திப்பிழைகள். என் நாற்காலியின் காலடியில் வெற்றிலை எச்சில். பாட்டுகள் முதல் படத்தில் முப்பத்தொன்று, இதில் பதினெட்டு. அதுவும் மிகுதியே.

சாவுக் காட்சி வந்தது. எனக்குப் பின்னால் இருந்த சோடாக்கடை ராசப்பன், "இந்தா, ஆரம்பிக்கப் போறாரு பாருங்க" என்று பக்கத்திலிருந்தவரை இடித்தார்.

அமிர்தசாமி பாடவில்லை. மகனிடம் தண்ணீர் கேட்டார். மகன் செம்போடு வருவதற்குள் அவர் கை பாயிலிருந்து தரைக்கு நழுவியது. நம் பக்கம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. செம்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் மகன் நின்றான். ராசப்பனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நானும் அப்போதுதான் மூச்சுவிட்டேன்.

படம் முடிந்து வெளியே வந்தேன். உள்ளே வரத் துணியாமல் அமிர்தசாமி எதிரே காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"ஒன்ஸ்மோர்னு ஒருத்தர் வாயும் திறக்கலை" என்றேன்.

அவர் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார். "அந்த இடத்துக்கு ஒரு பாட்டு எடுத்து வெச்சிருந்தேன் சார். நல்ல பாட்டு. வெட்டிப் போடறப்ப மனசே வரலை."

"வெட்டினதாலதான் இது படம்."

காலையிலிருந்து பட்டினி போலும். இரண்டு தோசை கொண்டுவரச் சொன்னார். சந்திப்பிழைகளைப் பற்றி அவர் சாப்பிட்டு முடித்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.