கம்பம் 17

"அம்மா, ஒயர் இழுக்கற மாமா நாம இங்க இருக்கறத அப்பாகிட்ட சொல்லிடுவாரா?"

என் மகள் ஒன்பது வருடங்களுக்கு முன் கேட்டது. அவள் அப்பாவின் அடிக்குப் பயந்து ஊர் மாறி வந்திருந்தோம். ஏணிமேல் நின்ற லைன்மேன் காதிலும் அது விழுந்தது. இன்டர்நெட் இணைப்பைக் கொடுத்துவிட்டு, எங்கள் கதவில் ஆடிக்கொண்டிருந்த தாழ்ப்பாளையும் முறுக்கிவிட்டுப் போனார்.

பிறகு அதே இன்டர்நெட் நிறுவனத்தில் எனக்கு வரைபட வேலை கிடைத்தது. அங்கே அந்த லைன்மேனை ஏணி அண்ணன் என்பார்கள். ஓய்வு பெறும்வரை அந்த நாளைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

இன்று இன்னொரு நிறுவனம் எங்கள் தெருக்களில் பள்ளம் தோண்டுவதற்காக எங்கள் கேபிள் வரைபடத்தைக் கேட்டிருந்தது.

"ஏம்மா, இன்னும் அனுப்பலையா? மூணு தடவை போன் பண்ணிட்டாங்க" என்றார் மேனேஜர்.

"வரைபடப் பட்டியல்ல கம்பம் நம்பர் எழுதற கட்டத்துல நம்ம லைன்மேனுங்க எழுதி வச்சிருக்கறதப் பாருங்க சார். 'கம்பம் 8. பெரியவர் தனியா இருக்கார். காது கேக்காது. சாவி செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில.'"

"வீடு தெரியறதுக்கு எழுதினது. கேக்கற கம்பெனிக்காரங்க என்ன திருடனுங்களா?"

"சாவி இருக்கற இடத்த அவர் நம்மள நம்பித்தானே சார் சொன்னாரு?"

"கட்டத்தையே தூக்கிட்டா எங்க தோண்டுவாங்க?"

"நம்பர விட்டுட்டு மத்தத ஒவ்வொண்ணா எடுத்துடறேன்."

"அறுநூறு இருக்கும்மா! முடி நரைச்சிடும்."

"பாதி நரைச்சாச்சு சார். 'கம்பம் 203. மேனேஜர் வீடு. சாருக்கு வீட்டம்மான்னா பயம். எதுன்னாலும் அவங்ககிட்டயே கேளுங்க.'"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அத முதல்ல அழி."

"எல்லாத்தையும் அழிச்சாத்தான் சார் அனுப்புவேன்."

"அஞ்சு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் தரமாட்டேன்."

சாப்பிடப் போகவில்லை. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பெண் எத்தனை மணிக்குத் தனியாக இருப்பாள் என்று வரிவரியாக வந்தது. படித்த பாவம் என்னோடு போகட்டும் என்று வேண்டிக்கொண்டு அழித்தேன்.

எங்கள் பழைய வீடும் வந்தது. இணைப்பு கொடுத்தவர் என்ற இடத்தில் ஏணி அண்ணன் பெயர். குறிப்பில் 'கம்பம் 17' மட்டும். நான் எடுக்க அங்கே எதுவும் இல்லை.

நாலரைக்கு எல்லோரும் டீ குடிக்கக் கீழே போனார்கள். கடைசி வரிகளில் ஒன்று ஏணி அண்ணன் வீடு. புதிதாக வந்த லைன்மேன் யாரோ எழுதியிருந்தார்: 'கம்பம் 590. அண்ணி படுத்த படுக்கை. அண்ணன் மருந்து வாங்கப் போனா வீட்ல யாரும் இல்ல. பின்கதவுத் தாழ்ப்பாள் உடைஞ்சிருக்கு.'

எண்ணை விட்டுவிட்டு மற்றதை அழித்தேன். எங்கள் ஆட்களே பார்க்காதபடி எங்கள் மூலப் பிரதியிலும் அழித்தேன்.

பிறகு வரைபடத்தை அனுப்பினேன். மாடிப்படியில் அவர்கள் பேசிக்கொண்டு ஏறிவரும் சத்தம் கேட்டது.