கண் திறந்த பிரதி

தாடையைக் கட்டத் துணி போதவில்லை. ரஃபியா தன் பழைய வெள்ளைத் துப்பட்டாவின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, அத்தாவின் முகவாய்க்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். கண்ணை ஏற்கெனவே மூடியாகிவிட்டது. விடியற்காலை சுபுஹு பாங்கு முடிகிற நேரத்தில் மூச்சு நின்றது, நின்ற உடனே அவளே இமையை நீவி மூடிவிட்டாள். அழ வேண்டும் போலத்தான் இருந்தது. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. பக்கவாதம் வந்து படுத்த மனுஷனைத் தூக்கி, திருப்பி, துடைத்து, ஊட்டி அவளுக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது.

நாகல்நகரிலிருந்து ஆட்டோ பிடித்து சைனம்பு மாமி வந்து இறங்கினாள். அத்தாவோடு கூடப் பிறந்தவள். தம்பி முகத்தைப் பார்த்து மாரில் அடித்து அழுது ஓய்ந்தவள், மூக்கைத் துடைத்துக்கொண்டே சுவரைப் பார்த்தாள்.

"என்னடி இது, மையித்து கெடக்குற வீட்டுல உருவப்படத்தை மாட்டி வச்சிருக்கே? வானத்துல இருந்து வர்ற மலக்குமார் எப்படி உள்ள வருவாக? எல்லாத்தையும் கழட்டி அங்கிட்டு வையி."

"வைக்கிறேன் மாமி."

சுவர் முழுக்கப் படங்கள்தான். குதிரைமேல் போகிறவன், கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு கயிறேறுகிறவன், முகமூடிக்காரன், அவனைத் துரத்துகிற நாய். எல்லாம் ரஃபியாவைப் பெற்ற அத்தா அப்துல் வாஹித் ஒரு காலத்தில் படக்கதைப் புத்தகங்களுக்கு வரைந்த அட்டைகள். ரஃபியா ஒவ்வொன்றாகக் கழற்றிப் பின்கட்டு அறையில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். ஜன்னல் திட்டில் இருந்த சின்னக் கிண்ணத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நேற்று சாயங்காலம் அத்தா சொல்லிக் கரைத்து வைத்த வெள்ளைச் சாயம் அது. ஒட்டன்சத்திரத்துக்காரர் இன்றைக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்தக் கதையைச் சொல்லாமல் இது விளங்காது.

வாஹித் முதன்முதலில் வரைந்தது 'கழுகுப்பாறைக் கைதி' என்றொரு படக்கதை. மீசை சரியாக முளைக்காத வயது. மதுரையில் ஒரு அச்சாபீஸ்காரர் தீபாவளிக்குள் வேண்டுமென்று குரல்வளையைப் பிடித்தார், இவரும் ராப்பகலாக உட்கார்ந்து வரைந்து கொடுத்துவிட்டார். கடைசிப் பக்கத்தில், சிறையிலிருந்து தப்பி வந்தவன் வீட்டுக்குள் நுழைகிறான், அம்மா செத்துப் பாயில் கிடக்கிறாள், பக்கத்தில் உட்கார்கிறான். அவ்வளவுதான் கதை. அவசரத்தில் வாஹித் செத்தவளுடைய கண்ணை மூட மறந்துபோனார். புத்தகம் அப்படியே அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர் மெட்ராஸ் பத்திரிகைகளுக்கு எத்தனையோ வரைந்தார், நல்ல பேரும் வாங்கினார். ஆனாலும் அந்த ஒரு கட்டம் மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

"பக்கத்துல மகன் உக்காந்திருக்கான்ல? பெத்தவ கண்ணை மூடிவிட மாட்டானா? அவனை அம்புட்டு கேடுகெட்டவனா ஆக்கி வச்சிருக்கேனே," என்பார்.

அதனால் அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறதென்று தெரிந்தாலும் பஸ் ஏறிப் போய்விடுவார். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு நடைபாதைக் கடை, சலூன் பெஞ்சு, பழைய பேப்பர்க் கடை, எங்கேயும் விடவில்லை. விலைக்கு வாங்குவதெல்லாம் கிடையாது. அங்கேயே உட்கார்ந்து பையிலிருந்து பிரஷ்ஷை எடுப்பார். கருவிழி மேல் வெள்ளையைப் பூசுவார், காய்ந்ததும் கறுப்பில் இமையை இழுப்பார். புத்தகத்தைக் கடைக்காரனிடமே கொடுத்துவிட்டு வந்துவிடுவார். ரஃபியாவின் அம்மா இருந்தவரைக்கும், "சொந்த வீட்டு ஓட்டை ஒழுகுது, இவுக ஊரான் புஸ்தகத்துல கண்ணை மூடிக்கிட்டுத் திரியிறாக," என்று அலுத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு சேகரிக்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. ஓவியர்களின் ஆரம்ப காலப் புத்தகங்கள் என்றால் உயிரை விடுகிறவர்கள். அவர்களுக்கென்று வாட்ஸப் குழு. அதில் இந்தப் புத்தகத்துக்கு ரெண்டு ஜாதி வைத்தார்கள்: கண் மூடினது, கண் திறந்தது. மூடினது கிடைக்கும், திறந்தது கிடைக்காது. வாஹித் திருத்தத் திருத்த, திருத்தாததுக்கு மவுசு ஏறிக்கொண்டே போனது. அதை ஏற்றிவிட்டதே தான்தான் என்று அந்த மனுஷனுக்கு உறைக்கவேயில்லை.

கடைசியாகத் தெரியவந்த கண் திறந்த பிரதி, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிற பெருமாள்சாமியிடம் இருந்தது. அத்தா போன் போட்டுக் கெஞ்சாத நாளில்லை. அவர் ஆகட்டுங்க, பார்க்கலாமுங்க என்று நழுவிக்கொண்டே இருந்தார். திடீரென்று நேற்று அவரே கூப்பிட்டார்.

"நாளைக்குக் கொண்டாறனுங்க அம்மணி. இடது கையில போட்டாலும் சரி, கையெழுத்து மட்டுந்தானுங்க. அய்யா வேறொண்ணும் பண்ணிரக் கூடாதுங்க."

"சரிங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்," என்றாள் ரஃபியா.

கட்டிலில் கிடந்த அத்தாவுக்குப் பாதி வாயில் சிரிப்பு. "ஒரு டீயைக் குடுத்து அந்தாளை முன்னாடி உக்கார வையி. புஸ்தகத்தை இங்கிட்டுக் கொண்டா. மூடிருவோம்." மூடுவது அவரில்லை, ரஃபியாதான். வலது கை விழுந்த பிறகு வந்த பிரதிகளை எல்லாம் அவர் சொல்லச் சொல்ல அவள்தான் மூடினாள். "அழுத்தாதம்மா. இறுக்கி மூடுனா தூங்குற மாதிரி நடிக்கிறவ ஆயிருவா. லேசா விடு," என்பார்.

பெருமாள்சாமி வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மையித்தைத் தூக்கிப் போகப் பள்ளிவாசலிலிருந்து வந்த சந்தூக்குப் பெட்டியை வாசலில் பார்த்ததும் குடையை மடக்காமலே நின்றுவிட்டார். வெள்ளை வேட்டி, வயிற்றோடு அணைத்த துணிப்பை. உள்ளே வந்து முகம் பார்த்தார். அப்புறம் தூணோரமாக ஒதுங்கி நின்றவர் நின்றவர்தான். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

திருப்பூரிலிருந்து காரில் வந்து சேர்ந்த தம்பி இஷாக், "யாருக்கா அந்தாளு?" என்றான்.

"அத்தாவோட புஸ்தகத்தை வச்சிருக்கிறவரு."

ரஃபியாவுக்குக் கோபம் வந்தது. நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

"நேத்தே வந்திருக்கலாம்லண்ணே? உங்களைக் கேட்டுக்கிட்டேதான் படுத்தாரு."

"வந்திருக்கோணுமுங்க," என்றார் அவர் தலை குனிந்தபடி.

குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, மதிய லுஹர் தொழுகைக்குத் தூக்குகிற நேரத்தில் மழை வலுத்தது. ஆண்கள் எல்லாம் வாசலில் இறங்கினார்கள். பெருமாள்சாமி மட்டும் அடுப்படி வாசல்வரை வந்து பையை நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் வச்சிருங்க அம்மணி. நனைஞ்சிருமுங்க. நானும் தோள் குடுத்துட்டு வந்தர்றேன்."

தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தொட்டிருக்க மாட்டாளோ என்னவோ. சொல்ல மறந்தாரா, நம்பிக் கொடுத்தாரா என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஆண்கள் போனதும் வீடு காலியாகிப்போனது. பெண்கள் கூடத்தில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ரஃபியா பையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். கொடுத்த வாக்கு ஒரு பக்கம். இனிமேல் அத்தாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டாம், கஞ்சி கரைக்க வேண்டாம். அவருக்கென்று செய்வதற்கு இந்த ஒரு வேலைதான் மிச்சம். அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

கிண்ணத்தில் சாயம் ஆடை கட்டியிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். புத்தகத்தைக் கண்ணாடித்தாள் உறையிலிருந்து உருவிக் கடைசிப் பக்கத்தை விரித்தாள். தாள் பழுத்துத் தொட்டால் உதிர்கிற பதத்தில் இருந்தது. அம்மா பாயில் கிடந்தாள், கண் இரண்டும் விரியத் திறந்து.

"என்னடி பண்றே இங்க?" மாமி நிலைப்படியில் நின்றாள்.

"கண்ணை மூடுறேன் மாமி. அத்தா சொல்லிட்டுப் போனாக."

திட்டு விழும் என்று நினைத்தாள். மாமி முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து படத்தைப் பார்த்தாள்.

"மூடு மூடு. இப்படியா போட்டு வைக்கிறது? கிட்ட உக்காந்திருக்கானே தடிமாடு, இவன் என்னத்தப் பாத்துக்கிட்டிருக்கான்?"

ரஃபியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும். அன்றைக்கு முழுக்க வராத அழுகை அப்போதுதான் வந்தது. தாளில் விழுந்துவிடாமல் முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டாள். வெள்ளையைப் பூசினாள். மழை ஈரத்தில் அது லேசில் காயவில்லை. முந்தானையால் விசிறிக் காயவைத்து, கறுப்பைத் தொட்டு மேல் இமையை இழுத்தாள். அழுத்தவில்லை. இரண்டாவது கண்ணை முடிக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆண்கள் திரும்பிவிட்டார்கள். காய்வதற்கு நேரமில்லை. புத்தகத்தை அமுக்காமல் மெல்ல மூடி உறையில் விட்டுப் பைக்குள் செருகி, பையைச் செங்குத்தாக நாற்காலியில் நிறுத்தினாள்.

பெருமாள்சாமி தொப்பலாக நனைந்திருந்தார். வேட்டியில் மண். இஷாக் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்து, "குழியில மண்ணு தள்றதுக்கும் நின்னாருக்கா," என்றான். ரஃபியா துண்டும் டீயும் கொடுத்தாள். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"அய்யாவைக் கடைசி வரைக்கும் அலைக்கழிச்சுட்டனுங்க. தப்புத்தான். எங்கம்மா போனப்ப நான் சின்னப்பையனுங்க. காலரான்னு சொல்லி என்னையக் கிட்டயே விடல. மொகங்கூடப் பாக்கலீங்க. அப்பறம் ஒருநா சலூன்ல முடிவெட்டப் போனப்ப இந்தப் புஸ்தகம் கெடந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தம்மா செத்துங்கூட மகனைப் பாத்துக்கிட்டேதான் இருந்தாங்க. எனக்கு அது போதுமுன்னு இருந்துச்சுங்க. அதைக் கிழிச்சு டவுசர் பைக்குள்ளயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன், நைஞ்சு போச்சு. வளந்தப்பறந்தான் இந்த முழுப் புஸ்தகத்தைத் தேடிப் புடிச்சனுங்க. அய்யா அதைத் தப்புங்கிறாரு. எனக்கு அது தப்பாட்டத் தெரியலீங்க."

ரஃபியா நாற்காலியில் நின்ற பையைப் பார்த்தாள். இதை நேற்றுப் போனிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? சொல்லியிருந்தால் அத்தா விட்டிருப்பாரா? அதுவும் தெரியவில்லை. விடியற்காலையில் அத்தாவின் கண்ணும் அவளைப் பார்த்தபடிதான் நின்றது. பார்க்கத் தாங்காமல் சட்டென்று மூடிவிட்டாள். இன்னும் செத்த நேரம் விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

பெருமாள்சாமி டம்ளரைக் கீழே வைத்தார். "நான் கெளம்பறனுங்க அம்மணி. பஸ்ஸு கெடைக்கோணும்." எழுந்து பையை எடுத்தார். மழைக்குப் பயந்து அதை மார்போடு இறுக்கப் போனார்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒட்டன்சத்திரம் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்திருக்கலாம். ஆனால் இறுக்கினால் ஈரச்சாயம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, அந்தம்மா முகத்தையே உரித்துக்கொண்டு வந்துவிடும்.

"அண்ணே, அமுக்காதீங்க. ஈரமா இருக்கு."

"நனைஞ்சிருச்சுங்களா?" பதறிப்போனார்.

"மழையில்லண்ணே." அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் மூடிட்டேன்."

பெருமாள்சாமி பையைப் பிடித்தபடி நின்றார். திட்டுவார், அவள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று ரஃபியா நின்றாள். அவர் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார். புத்தகத்தை வெளியில் எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப மூடி வச்சா ஒட்டிக்குமுங்களா?" என்றார்.

"ஒட்டிக்கும்ணே. செத்த நேரம் ஆகணும்."

"ஆகட்டுங்க."

ரஃபியா போய் ஃபேனைக் கூட்டி வைத்தாள். அவர் புத்தகத்தை மடியில் விரித்து, பக்கம் படபடக்காமல் இரண்டு ஓரத்தையும் விரலால் பிடித்துக்கொண்டார். பிறகு குனிந்து, அந்தக் கண்களின் மேல் மெல்ல ஊதினார்.