மீள்பார்வைக் கருத்தரங்கில் பொன்னாடைகள்

ஜொகூர் பாருவில் ஒரு சங்க மண்டபத்தில் எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு மீள்பார்வை முறைகள் பற்றிய கருத்தரங்கு. வரலாற்றில் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. முன்சோதனையில் தேறாத ஜோஆன் அதற்காகவே வந்திருந்தாள்.

காலையில் வரவேண்டிய, டத்தோ பட்டம் பெற்ற சிறப்பு விருந்தினர் மதியம் நெருங்கும்போது வந்தார். அவருக்குப் பொன்னாடை, அவரை அழைத்துவந்தவருக்குப் பொன்னாடை, பொன்னாடைகளை எடுத்துக்கொடுத்தவருக்கும் ஒன்று. பிறகு டத்தோ, தாம் படிக்காமலே முன்னேறிய கதையைத் தொடங்கினார்.

ஜோஆன் மடியில் பாடநூலைத் திறந்தாள். சங்கச் செயலாளர் சிறீகாந்தன் அவள் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, டத்தோ பேசிக்கிட்டு இருக்காரு. புக்க மூடிட்டுக் கை தட்டு லா."

மூடினாள், தட்டினாள். தட்டிக்கொண்டே, அப்போதுதான் படித்த கூட்டரசு ஒப்பந்தத்தின் அம்சங்களை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டுதான் வந்தன. நூலைத் திறந்து, வராததைப் பார்த்தாள்.

"அலமாக், மறுபடியுமா? மூடும்மா!"

மூடினாள். இம்முறை மூன்றாவதும் வந்தது.

நேரமில்லாததால் மீள்பார்வை முறைகள் பற்றிய உரை மட்டும் இடம்பெறாது என்று மேடையில் அறிவித்தார்கள். மண்டபமே கை தட்டியது. ஜோஆனும் தட்டினாள், நான்காவது இன்னும் வரவில்லை.