காதுக்குப் பின்னால் மூன்று கொப்புளங்கள்

1

இந்தக் கதை என் இடது முழங்கையில் வந்த அரிப்பில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்றவர்களுக்குக் கதை கனவில் வருகிறது, ரயிலில் எதிரே உட்கார்ந்தவரிடமிருந்து வருகிறது. எனக்குச் சொறிந்து வந்தது.

தோல் டாக்டர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, வறட்சி. சோப்பை மாத்துங்க" என்றார். சீட்டை எழுதிக்கொண்டே, "நீங்க கதை எழுதுறவர்தானே? என் மருமகளைப் பத்தி ஒண்ணு சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

நான் கதவைப் பார்த்தேன். மருமகளைப் பற்றி மாமியார் சொல்ல வரும் கதை எப்படிப் போகும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு, "பத்து நிமிஷம்" என்றார். இருபத்தைந்து நிமிடம் ஆனது. என் கணக்கு தப்பு என்பது இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

2

எப்படித் தொடங்குவது என்பதில் நான்கு நாள் போயிற்று. கிழித்துப் போட்டவற்றில் சில:

"விளையாட்டரங்கத்தின் கூரைமேல் சூரியன் மெல்ல—" (வேண்டாம். எல்லாம் நடந்தது ஜன்னலே இல்லாத ஓர் அறையில்.)

"அவளிடம் மாட்டியவர்கள் யாரும்—" (இதுவும் வேண்டாம். சுவரொட்டி வாசகம் மாதிரி இருக்கிறது.)

"மாமியார் தன் மருமகளைப் போட்டியிலிருந்து வெளியேற்றினாள்." இது நன்றாக விற்கும். ஆனால் 'மாமியார்' என்ற சொல்லைப் பார்த்ததுமே தீர்ப்பு எழுதிவிடுவீர்கள். நானும் எழுதியிருப்பேன்.

ஆகவே அவசரப்படாமல் டாக்டரிடமிருந்தே போகிறேன்.

3

டாக்டருக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்தொரு வருடமாக மல்யுத்தப் போட்டிகள் நடக்கும் காலைகளில், எடை பார்க்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு திரைக்குப் பின்னால் டார்ச் விளக்கோடு நிற்பவர். மல்யுத்தம் தோலும் தோலும் உரசும் ஆட்டம். ஒருத்தி மேல் இருக்கிற படையோ கொப்புளமோ மாலைக்குள் பத்துப் பேருக்குப் போய்விடும். அதனால் எடை பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு பெண்ணையும் விரல் இடுக்கு முதல் முழங்கால் மடிப்பு வரை அவர் பார்ப்பார். சரியாக இருந்தால் முன்கையில் ஊதா மையால் ஒரு டிக். இல்லையென்றால் வெளியே. அழுதாலும் வெளியே, மந்திரியிடமிருந்து போன் வந்தாலும் வெளியே.*

* மந்திரி போன் ஒருமுறை நிஜமாகவே வந்ததாம். "நீங்களும் வாங்க சார், உங்களையும் பாத்துடலாம்" என்றாராம் டாக்டர். இது கதைக்குத் தேவையில்லை. விட மனமில்லை.

லிஃப்ட் மெக்கானிக்கான அவர் மகன் ஒரு நாள் ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்தான். டாக்டர் முதலில் பார்த்தது அவள் காதுகளைத்தான். மல்யுத்தம் ஆடுபவர்களுக்கு அடிபட்டு அடிபட்டு ஆகிவிடுகிற, கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி மடங்கிய காதுகள்.

"எத்தன கிலோ பிரிவு?" என்று கேட்டார்.

"அம்பத்தி மூணு, ஆன்ட்டி."

"இந்த ஆன்ட்டி எல்லாம் வேண்டாம். அத்தைன்னு கூப்பிடு."

சம்மதம் சொன்னது அவ்வளவுதான். மல்யுத்தக்காரர்கள் அந்தப் பெண்ணை உடும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பிடி அப்படி. கதையிலும் அப்படியே கூப்பிடுகிறேன். அவளுக்கும் அதில் பெருமைதான் என்று டாக்டர் சொன்னார்.

4

இனி அந்தக் காலை.

தேசிய அணிக்கான தேர்வு. உடும்புக்கு இருபத்தெட்டு வயது. இரண்டு முறை கடைசிச் சுற்றில் தோற்றவள். எடைக்காகப் பதினைந்து நாள் அரை வயிற்றோடு கிடந்து இரண்டரை கிலோ இறக்கியிருந்தாள். முந்தைய நாள் மதியத்திலிருந்து தண்ணீரைக்கூட எண்ணித்தான் குடித்தாள்.

டாக்டர் ஒரு மாதத்துக்கு முன்பே அமைப்பாளர்களுக்குக் கடிதம் கொடுத்திருந்தார்: என் வீட்டுப் பெண் போட்டியிடுகிறாள், அவளை நான் பரிசோதிக்க மாட்டேன், இன்னொருவரைப் போடுங்கள். அதனால் இரண்டு திரைகள். இந்தப் பக்கம் டாக்டர். அந்தப் பக்கம் படிப்பு முடித்து இரண்டு வருடமே ஆன ஓர் இளம் டாக்டர், அவளும் பெண்தான். உடும்பு அந்தப் பக்கம் போனாள். இளம் டாக்டர் கை பார்த்தாள், கால் பார்த்தாள், முதுகு பார்த்தாள், பெரியவரின் வீட்டுப் பெண் என்பதால் ஒரு சிரிப்பும் சேர்த்து டிக் போட்டாள். எடை ஐம்பத்திரண்டு தொள்ளாயிரம். சரி.

உடும்பு பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் முதல் சுற்றில் அவளோடு மோத வேண்டிய பெண். துணிக்கடையில் வேலை பார்ப்பவள், பத்தொன்பது வயது, தேர்வுக்கு வருவது இதுவே முதல் தடவை.

"அக்கா, உங்க பிடியிலேருந்து எப்படி வெளிய வர்றது?" என்று அவள் கேட்டாள்.

"வந்தவங்க யாராவது இருந்தா கேட்டுச் சொல்லு. நானும் தெரிஞ்சுக்கிறேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்தபடியே உடும்பு காதுக்குப் பின்னால் விரலை வைத்தாள். முந்தைய மாலையிலிருந்து அங்கே ஓர் எரிச்சல். காதுக்கவசத்தின் பட்டை உரசுகிறது என்று நினைத்திருந்தாள். இப்போது விரலில் ஈரம் பட்டது.

(இங்கே அவள் மனதில் ஓடியதை ஒரு பக்கம் எழுதினேன். அம்மா ஞாபகம், பதக்கம், கைதட்டல். எல்லாம் என் சொந்தச் சரக்கு. அடித்துவிட்டேன். டாக்டருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு நிமிடம்போல அவள் அந்தத் துணிக்கடைப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.)

நேராக டாக்டரின் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அத்தை, இதக் கொஞ்சம் பாருங்க."

"உன்ன நான் பாக்கக் கூடாது. அந்தப் பக்கம் போ."

"அந்தப் பக்கம் பாத்தாச்சு, டிக்கும் போட்டாச்சு. நீங்க பாருங்க."

கிளிப்பைக் கழற்றி முடியைத் தூக்கிக் காட்டினாள். சிவந்த தோலில் ஒன்றை ஒன்று ஒட்டி மூன்று கொப்புளங்கள், குண்டூசித் தலை அளவு. ஒன்று உடைந்திருந்தது.

"இது என்னன்னு தெரியுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"அக்கி. சாப்பிட உக்காந்தா நீங்க இதத்தானே பேசுவீங்க. தெரியாம இருக்குமா?"

5

கதைக்காரனுக்கு ஆசை வரும் இடம் இது. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு, "போய் ஆடு" என்கிறார். உடும்பு ஜெயிக்கிறாள். பத்து நாள் கழித்துத் துணிக்கடைப் பெண் ஒரு கண் சிவந்து ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறாள். நன்றாகத்தான் எழுதியிருந்தேன், ஆனால் அந்தக் கண்ணை என் வசதிக்காகக் கெடுக்கக் கை வரவில்லை.

இன்னொன்றில், அது அக்கியே இல்லை, வெறும் பட்டை உரசல், தியாகம் வீண். இதில் எனக்குக் கொஞ்சம் புத்திசாலித்தனம் தெரிந்தது. ஆனால் ஐந்தாம் நாள் ஆய்வகத்திலிருந்து வந்த தாள் அக்கி என்றே சொன்னது. தாளோடு எனக்கு என்ன சண்டை.

மூன்றாவதில் டாக்டர் தானே படிவத்தை எடுத்து, கண்ணீரோடு— (முடிக்கவில்லை.)

நடந்தது இது. டாக்டர் இளம் டாக்டரைக் கூப்பிட்டார். அவள் பார்த்தாள், முகம் வெளுத்துப்போனது.

"மேடம், நான் முடியத் தூக்கிப் பாக்கல."

"இப்ப பாத்தாச்சுல்ல? நீயே எழுதும்மா. நான் எழுதக் கூடாது."

படிவத்தில் மனித உருவம் ஒன்று முன்னும் பின்னுமாக அச்சாகியிருக்கும். இளம் டாக்டர் பின்பக்க உருவத்தின் காதருகே ஒரு வட்டம் போட்டு, கீழே 'தகுதியில்லை' என்று எழுதினாள். ஆக, மாமியார் மருமகளை வெளியேற்றவில்லை. மருமகள் தானே வெளியேறினாள்.

பயிற்சியாளர் விஷயம் கேட்டு ஓடி வந்தார்.

"டிக் இருக்கு, எடையும் பாத்தாச்சு. மேல ஒரு பிளாஸ்திரி போட்டு அனுப்புங்க மேடம். ஆறு நிமிஷ ஆட்டம்."

"பிளாஸ்திரி வியர்வைல நிக்காது சார். காஞ்சு பொருக்குத் தட்டணும், மாத்திரை ஆரம்பிச்சு அஞ்சு நாள் போகணும்."

அவர் உடும்பின் பக்கம் திரும்பினார். "உனக்கு வயசு இருபத்தெட்டு. அடுத்த தடவைன்னு ஒண்ணு இருக்குமான்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார். நான் பிடிச்சா எதிராளி மூஞ்சி எங்க வந்து அழுந்தும்? நீங்கதானே அந்தப் பிடியச் சொல்லிக் குடுத்தீங்க."

அந்தப் பிடியில் எதிராளியின் கன்னமும் கண்ணும் சரியாக அவள் காதுக்குப் பின்னால்தான் வந்து அழுந்தும். பயிற்சியாளர் தன் கழுத்திலிருந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"குடி. இனிமே எடை எதுக்கு?"

அவள் ஒரே மூச்சில் முழுப் பாட்டிலையும் குடித்தாள்.

6

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். திரை என்ன, சுவரா?

கொஞ்ச நேரம் கழித்து, ஏற்கெனவே டிக் வாங்கியிருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். கட்டை விரலில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துக் காட்டினாள், உள்ளே சீழ். அவளும் வெளியே. அடுத்து இன்னொருத்தி முழங்கையைக் காட்டினாள். அது கொசுக்கடி. "போய் ஆடும்மா" என்று டாக்டர் சொன்னதும் அறையே சிரித்தது. பிறகு இன்னொருத்தி இடுப்பில் ஒரு வட்டப் படையோடு வந்தாள். அவளும் வெளியே.

"இருபத்தொரு வருஷமா நான் தேடித் தேடிக் கண்டுபிடிச்சிருக்கேன். எல்லாரும் மறைப்பாங்க, பவுடர் போடுவாங்க, டேப் சுத்துவாங்க. அன்னிக்குத்தான் அவங்களா வந்து காட்டினாங்க" என்றார் டாக்டர். இதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "என் மருமகளைப் பாத்து."

துணிக்கடைப் பெண் முதல் சுற்றை ஆடாமலே ஜெயித்தாள், இரண்டாவதில் தோற்றாள். போகும்போது உடும்பிடம், "அடுத்த வருஷம் உங்ககிட்டயே தோக்கறேன்க்கா" என்றாள். உடும்புக்குப் பன்னிரண்டு நாளில் தோல் சுத்தமானது. மறு வருடம் மறுபடி இறங்கினாள். மூன்றாவது இடம். அணியில் இடம் இல்லை. துணிக்கடைப் பெண்ணை ஜெயித்துத்தான் அந்த மூன்றாவது இடம்.

(முதலிடம் வாங்கித் தந்திருக்கலாம், என் பேனாதானே. ஆனால் அவளுக்கு நான் போடும் பிச்சை தேவைப்படும் என்று தோன்றவில்லை.)

7

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லா இருக்கு. ஆனா ஒரு இடம் பொய்யா இருக்கு."

"எது?"

"அந்தச் சின்ன டாக்டர் ஏன் பாக்காம விட்டான்னு எழுதியிருக்கீங்களே, அது. தப்பு அவ மேல மட்டும் இல்ல."

பிறகு சொன்னார். அன்று காலை ஆறு மணிக்கு உடும்பு கூடத்துக் கண்ணாடி முன்னால் முடி பின்னிக்கொண்டிருந்தாள். "அத்தை, பின்னால கிளிப் எட்டல, கொஞ்சம் போட்டு விடுங்க" என்றாள். டாக்டர் போனார். சிவப்பைப் பார்த்தார். அதில் ஒரு கொப்புளம் எழும்பியிருந்ததையும் பார்த்தார். அத்தனை வருடம் பழகிய கண்ணுக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

"அவ எலும்பு தெரிய நின்னா. பதினஞ்சு நாள் பட்டினி. நான்தான் அவளப் பாக்க மாட்டேன்னு கடிதம் குடுத்திருக்கேனே, அந்தக் கடிதத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். கிளிப்பை ஒரு விரக்கடை கீழ போட்டேன். மறைஞ்சுபோச்சு."

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ரெண்டு வருஷமா வாய் வரைக்கும் வந்து திரும்பிடுது. ஊரெல்லாம் என் மருமகள் என் மருமகள்னு சொல்றேன். அவ சிரிச்சுக்கிட்டு, 'எல்லாம் அத்தை வளர்ப்பு'ங்கிறா. அப்ப எனக்குச் சோறு இறங்கறதில்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்க எழுதிடுங்க. உங்க கதை எது வந்தாலும் அவ படிப்பா. அவளப் பத்தி எழுதினதுல ஒரு எழுத்தும் குறைக்காதீங்க. என்னைத்தான் திருத்தணும்."

திருத்திவிட்டேன்.

ஆகவே, உடும்பு அவர்களே, இந்தக் கதைக்கு வாசகர்கள் எத்தனை பேராக இருந்தாலும் இது எழுதப்பட்டது உங்களுக்காக. இது அச்சாகி வரும் நாளில் நோயாளிகளைப் பார்க்கப்போவதில்லை என்று உங்கள் அத்தை சொல்லியிருக்கிறார். வீட்டில்தான் இருப்பார், அநேகமாகப் பக்கத்து அறையில். நீங்கள் எழுந்து போய் என்ன சொல்வீர்கள், அல்லது எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்காருவீர்களா என்று எனக்குத் தெரியாது. ஊகித்து எழுதுவதும் முறையில்லை.

மற்ற வாசகர்களே, நீங்களும் என்னோடு வந்துவிடுங்கள். கதவு வரைக்கும்தான் நமக்கு வழி.