பீற்றிஸ் பாடிய பாட்டு

பீற்றிஸ் காலமாகி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஆண்டுப் பூசை முடியும்வரை வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். காதில் மாட்டிக்கொண்டு கேட்டாலும் அது பாட்டுத்தானே என்று கணவர் வின்சன்ற் நாவற்குடா வீட்டில் அதைக் குறைவின்றிக் காத்து வந்தார்.

அறுபதுகளில் மட்டக்களப்பையே ஆட வைத்த 'வாவி பீற்ஸ்' குழுவைச் சிலர் மறந்திருக்கமாட்டார்கள். கலைந்துபோன அக்குழு எண்பத்திரண்டில் மீண்டும் கூடி வெளியிட்ட இசைத்தட்டைத்தான் எவரும் அறியார். வின்சன்றிடம் இருந்த பிரதிகளையும் சுனாமி கொண்டுபோயிற்று. அதைத்தான் ஜேர்மனியில் ஒரு நிறுவனம் இப்போது மறுபதிப்புச் செய்கிறது. அதில் ஒரு பாட்டைப் பீற்றிஸ் பாடியிருந்தார். அவர் பாடியது வேறெதிலும் பதிவாகவில்லை. பழைய ஒலிநாடாவிலிருந்து பெயர்த்து அனுப்பியிருக்கிறோம், வெள்ளிக்கிழமைக்குள் பிழை சொல்லாவிட்டால் அப்படியே அச்சேறிவிடும் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள்.

வின்சன்றைத் தவிரக் குழுவில் மிஞ்சியிருந்தவர், டிரம்ஸ் அடித்த காத்தான்குடி அசனார். ஹஜ்ஜுக்குப் போய் வந்தபின் அவர் வீட்டிலும் பாட்டு இல்லை. ஆகவே இருவரும் அசனாரின் வேனை வாவிக்கரையில் நிறுத்தினார்கள்.

"களவாச் சிகரட் பத்த வந்த பொடியனுகள் மாதிரி இருக்கு கா" என்றார் அசனார்.

"நீ கேக்காம இரு, ஹாஜியார்."

"நான் எங்க கேக்கிற? வேன் மட்டும்தான் என்ட."

வின்சன்ற் தொலைபேசியில் பாட்டைப் போட்டார். மெலிந்து உயர்ந்த ஒரு பெண் குரல் வேனை நிறைத்தது. அவருக்குள் ஒன்றும் அசையவில்லை. எட்டு மாதத்து மரப்பு அப்படியே கிடந்தது. மனைவியின் குரலைக் கேட்டும் ஒன்றும் தோன்றாதவன் என்ன மனிதன் என்று எண்ணினார். அந்த எண்ணமும் வேறு யாருடையதோ போலிருந்தது.

"சரி எண்டு எழுதிப் போடுறன்" என்றார்.

ஸ்டியரிங்கில் தாளம் தட்டிக்கொண்டிருந்த அசனாரின் விரல்கள் தடுமாறி நின்றன.

"பொறு. இன்னொருக்காப் போடு."

"நீ கேக்கல்ல எண்டாய்?"

"கை கேட்டிட்டு. இவ்வளவு கெதியா நான் அடிக்கல்ல மச்சான். நாடாவ வேகமா ஓட்டிப் பிடிச்சிருக்கானுகள். அதுதான் பீற்றிஸ்ட குரலும் கீச்செண்டு கிடக்கு."

வின்சன்ற் மறுபடி கேட்டார். உண்மைதான், சுருதி ஏறியிருந்தது.

"நான் என்னிலதான் பிழை எண்டு நினைச்சன்."

"உன்னிலயும் பிழைதான். ஒழுங்காச் சாப்பிடுறாயா நீ?"

அன்றே வின்சன்ற் தயவுகூர்ந்து வேகத்தைத் திருத்தித் தருமாறு எழுதினார். வியாழக்கிழமை திருத்திய பாட்டு வந்தது. அதே கரையில் அதே வேன்.

இம்முறை குரல் இறங்கி, சற்றுக் களைத்து, வரி முடிவில் மூச்சை இழுத்துக்கொண்டது. முதல் வரியோடு வின்சன்ற் பாட்டை நிறுத்திவிட்டார்.

"என்ன, இதுவும் பிழையா?"

"இல்ல. இது அவதான்."

"அப்ப மிச்சத்தையும் கேளன்."

"இன்னும் நாலு மாசம் கிடக்கு. மறுகா வீட்டில வச்சுக் கேக்கிறன்."

அழுகை வருமோ என்று சற்றுக் காத்திருந்தார். வரவில்லை. 'சரி' என்று ஜேர்மனிக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்தார்.

அசனார் வேனைக் கிளப்பினார். வீடு வரும்வரை அவருடைய விரல்கள் ஸ்டியரிங்கில் அந்தப் பாட்டின் தாளத்தைத் தடுமாறாமல் தட்டிக்கொண்டே வந்தன. வின்சன்ற் அதை நிறுத்தச் சொல்லவில்லை.