மூன்றாவது லைன்

மூன்றாவது லைனில் நூல் மறுபடியும் அறுந்து சைரன் கத்தியது. சியாமளா எழுந்து போனாள். வடக்கே, போசரியில் இருந்த அந்த ஆலையில் அவள் ப்ராசஸ் இன்ஜினியர். பிளாஸ்டிக் குருணையை உருக்கி, சல்லடை போன்ற ஒரு தட்டின் நுண்துளைகள் வழியே பிதுக்கி, குளிர்காற்றில் இறுகவைத்து, சுழலும் ரோலர்களில் இழுத்து நூலாக்குவார்கள். அந்த நூல்தான் பிறகு கிரேன்களில் சரக்குத் தூக்கும் பட்டையாக நெய்யப்படும். முன்பெல்லாம் சைரன் கேட்டால் ஓடுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே நடைதான் இருந்தது.

நாலாவது மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. ஐந்தாவது மாதம் பிறந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று கோயம்புத்தூரில் அம்மாவிடம்கூட அவர்கள் சொல்லியிருக்கவில்லை. உண்டானதையே சொல்லாதபோது, போனதை எப்படிச் சொல்வது? ஆலையில் வைரல் காய்ச்சல் என்று லீவு சொல்லியிருந்தாள். கணவன் ஸ்ரீவத்சன் இரண்டு நாள் கூட இருந்துவிட்டு லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு ஹிஞ்சவடி ஆபீசுக்குக் கிளம்பிவிட்டான். சாயங்காலம் வந்து ரசம் வைத்தான், குக்கரைக் கழுவினான், "சாப்பிட்டியா?" என்று கேட்டான். அவனுக்கு அது முடிந்துபோய்விட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். கோபம் வரும் என்று பார்த்தாள். கோபம் வரவேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை.

லைனருகே மேனேஜர் சுவாமிநாதன் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். இந்த ஊரிலேயே, கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழர்.

"அரே சியாமளா, என்ன தமாஷா இது? புது குருணை மால் போட்டதுலேர்ந்து லைன் ஓடவே மாட்டேங்கறது. ரொம்ப ஸ்ட்ராங் மால்னு சொன்னானே சப்ளையர்!"

"ஸ்ட்ராங்தானுங்க சார். அதுதான் பிரச்சனையே."

அறுந்த நூலை விரல்களுக்கிடையே இழுத்துப் பார்த்தபடி அவள் சொன்னாள். "இந்த மால்ல மூலக்கூறுச் சங்கிலி ரொம்ப நீளமுங்க. பழசுல குட்டை. இழுத்தா நழுவிக் குடுத்துரும், நிதானமா இறுகும். இது ஒண்ணோடொண்ணு சிக்கிக்குது. அதே வேகத்துல இழுத்தா எல்லாம் ஒரே பக்கமா நிமிர்ந்து, தட்டைவிட்டு எறங்குன கொஞ்சத்துலயே படிகமாயிருது. அப்புறம் சூடு ரோலர்ல நாம இழுக்கறப்ப, நீள்றதுக்கு அதுல மிச்சமே இருக்கறதில்லீங்க."

"சரி, என்ன பண்ணணும்?"

"மொதல் ரோலர் வேகத்தைக் கொறைக்கணும். உருக்குற சூட்டைக் கொஞ்சமா ஏத்தலாம்."

"வேகத்தைக் கொறச்சா டிஸ்பாட்ச் என்னாறது? சூட்டை மட்டும் நன்னா ஏத்திப் பாரேன்."

"ரொம்ப ஏத்துனா சங்கிலி வெந்து துண்டாயிரும் சார். நூல் அறுபடாம ஓடும். பட்டை தாங்காது. அதுக்குக் கீழ ஆளுக நிப்பாங்க."

பஸ் நம்பரைப் படித்துச் சொல்வதுபோல் இருந்தது அவள் குரல். வழக்கமாக இப்படி ஒரு பேச்சு வந்தால் அவள் கெஞ்சுவாள், கம்ப்யூட்டரில் கோடுகளைக் காட்டுவாள், அவர் கேலி செய்வார், கடைசியில் பாதி விட்டுக்கொடுப்பார். இன்று அவள் பிடித்து இழுக்காததால் அவருக்கும் பிடித்து இழுக்க எதுவும் கிடைக்கவில்லை. அவளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "டீக் ஹை. நீ சொல்றபடியே பண்ணு" என்று போய்விட்டார்.

வேகத்தை மாற்றி எழுதிவிட்டு, நின்றிருந்த ரோலர்களில் நூலை மறுபடி கோக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். கால் சோர்ந்தது. எதன்மேலோ கையை ஊன்றிக்கொண்டாள். பஞ்சு போன்ற ஏதோ ஒரு அடைப்பு காதுக்குள் இருந்தது.

"மேடம், ஹாத்! ஹாத் ஹடாவோ!"

கையை எடுங்க என்று கத்தியபடி ஆபரேட்டர் சோனியா பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். நின்றுவிட்டாலும் ஆறியிராத சூடு ரோலர் அது. உள்ளங்கை வெளுத்துச் சுருங்கியிருப்பதை சியாமளா வேறு யாருடைய கையையோ போலப் பார்த்தாள். சோனியா அவளை இழுத்துக்கொண்டே போய்க் குழாயடியில் நிறுத்தித் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"பதா நஹி சலா?" தெரியவே இல்லையா என்று கேட்டாள்.

சியாமளாவுடைய ஹிந்தி ஆட்டோவுக்கும் காய்கறிக்கும் போதுமானது. துக்கத்துக்கெல்லாம் அதில் வார்த்தை கிடையாது. நடந்ததை மட்டும்தான் சொல்ல முடியும். அதனாலேயோ என்னவோ அது சுலபமாக வந்துவிட்டது.

"பேட் மே பச்சா தா. அப் நஹி ஹை." வயிற்றில் பிள்ளை இருந்தது. இப்போது இல்லை.

சோனியா மணிக்கட்டை விடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் லைன் கிளம்பும் சத்தம் கேட்டது. இருவரும் சைரனுக்காகக் காத்திருப்பதுபோல் நின்றார்கள். அது கத்தவில்லை.

ஷிஃப்ட் முடிந்ததும் சோனியா, "சலோ" என்று தன் ஸ்கூட்டியைக் காட்டினாள். பிம்ப்ரியில் இருக்கும் அவளுக்கு, சியாமளாவின் வீடு இருக்கும் சாங்வி வழியே இல்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, மற்றக் கையால் சோனியாவின் தோளைப் பற்றிக்கொண்டு சியாமளா பின்னால் உட்கார்ந்தாள். தூறல் முகத்தில் விழுந்தது. சியாமளா வீட்டுத் தெருமுனையில் இறக்கிவிட்டு, "கல் மத் ஆனா" என்றாள் சோனியா. நாளைக்கு வராதே. பதிலுக்குக் காத்திராமல் வண்டியைத் திருப்பினாள்.

தெருவைக் கடக்கப் போன சியாமளா அப்படியே நின்றாள். எதிரே, அவர்கள் கட்டட வாசலில் நிற்கும் காய்கறி வண்டியருகே ஸ்ரீவத்சன் இருந்தான். இந்நேரத்துக்கு அவன் வருவதில்லை. லேப்டாப் பை தோளிலேயே தொங்கியது. வண்டிக்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், தட்டுத்தடுமாறி, கைகளை விரித்து, ஏதோ ஒன்றின் சின்ன அளவைக் காட்டி. வண்டிக்காரர் நிறுத்துக்கொண்டிருந்த வெந்தயக் கீரையைத் தராசோடு கீழே வைத்தார். வைத்துவிட்டு அவன் தோளில் கைபோட்டார். ஸ்ரீவத்சன் சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்தான், மறுபடி துடைத்தான்.

நடுவே ஒரு பஸ் வந்து நின்று அவர்களை மறைத்தது. ஆட்கள் குடையைப் பிரித்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். உள்ளங்கை மெல்லத் துடிக்கத் தொடங்கியிருந்தது. பஸ் நகரட்டும் என்று அவள் மழையில் நின்றாள்.